மின்சாரம் திரும்பும் வழி

பாலக்காட்டுச் சித்தூரில் எங்கள் வீட்டு அம்பாசிடர், சென்ற ஆண்டு முதல் சூடேறியபின் செல்ஃப் எடுக்க மறுத்தது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், பிறகு மௌனம். "முதல்ல எர்த்தைப் பாரு" என்றார் அப்பா. நான் பார்க்கவில்லை. பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்தேன், 12.6 வோல்ட் காட்டியது. பேட்டரி நலமென்றால் பழுது மோட்டாரில்தான் என்று முடிவுகட்டினேன். அப்பா தம் கையால் புஷ்ஷும் கார்பன் பிரஷ்ஷும் மாற்றி முப்பதாண்டுகள் காத்த மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதியதைப் பூட்டினேன். உள்ளூர்க் குறும்பயணங்களில் குறை எதுவும் தெரியவில்லை.

மறையூரின் முனியறைகள் எனப்படும் கல்திட்டைகளைக் காண உடுமலை, சின்னாறு வழியாகச் சென்றபோது அதே முனகல் திரும்பியது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, ஊர் திரும்பும் சாலையோ யானைக் காட்டினூடே செல்வது. அங்கிருந்த முதிய ஜீப் ஓட்டுநர் ஒருவர், முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். "விளக்கு மங்கலையே தம்பி, பேட்டரி தெம்பாத்தான் இருக்கு." தம் ஜம்பர் கம்பியின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை எஞ்சினின் உடலிலும் கவ்வவைத்தார். வண்டி உடனே உயிர்பெற்றது.

பழுது எர்த் பட்டையில். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், மோட்டாருக்குள் சென்ற மின்சாரம் பாடிக்குத் திரும்ப அந்தப் பின்னல் பட்டையே வழி. அதன் முனையில் துரு. 100 ஆம்பியர் பாயும்போது 0.05 ஓம் தடைகூட 5 வோல்ட்டை விழுங்கிவிடும். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவீட்டில் அத்தடை ஏறக்குறையச் சுழியமாகவே தெரியும். விளக்குகளின் மின்சாரம் அப்பட்டையைத் தொடாமல் பாடி வழியே திரும்புவதால் அவை மங்குவதில்லை.

வீட்டில் முறைப்படி அளந்தேன். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் எதிர்முனையில், மற்றது எஞ்சினில். செல்ஃப் அடிக்கும்போது அளவு அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. துருவை உப்புத்தாளால் தேய்த்துப் பட்டையை மாற்றியபின் 0.2.

அளவீடுகளோடு அன்றாடம் பழகும் ஆய்வாளன் நான். ஓய்வில் எடுத்த அளவு சுமையின்போதும் பொருந்துமென்று கொண்டது என் முதற்பிழை. அப்பாவின் சொல்லைப் பழக்கதோஷமென்று ஒதுக்கியது அதனினும் பெரிது. நடந்ததை அவரிடம் சொன்னேன். "பழைய மோட்டாரை எந்தக் கடையில போட்டே?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். அது அங்கே இல்லை.