வலப்பக்கப் பதக்கம்

பிழை திருத்துவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். இருபது வருடங்களுக்கு மேலாகச் சிவப்புப் பேனையோடுதான் சீவியம். திருத்திய பிழைகளில் அநேகமானவை மறந்துவிட்டன. ஒன்று மட்டும் மறக்கவில்லை. அதை எழுதிவிட வேண்டுமென்று பல முறை உட்கார்ந்தும் கை வரவில்லை.

2004 பெப்ரவரி 4. ஆசிரியர் கலாசாலைப் பயிற்சியை முடித்து, புத்தளத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பாடசாலைக்கு நான் வந்திருந்த முதல் வருடம். வரலாற்றுப் பாடமும் சாரணர் பொறுப்பும் என் தலையில். சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு ஊர்ப் பெரியவர்கள் சிலரை அதிபர் அழைத்திருந்தார். அவர்களில் ஒருவர் எண்பதைத் தாண்டியவர். ஊர் முழுக்க அவரைப் 'பட்டாளத்து அப்பா' என்றே அழைக்கும். பெரிய யுத்தத்தில் வெள்ளைக்காரனிடம் வேலை செய்தவர் என்பதற்கு மேல் எவருக்கும் எதுவும் தெரியாது. கேட்டதுமில்லை.

அன்று அவர் உடுத்து வந்த கோலம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. காக்கிச் சட்டை, பஸ் கொண்டக்டராக இருந்த மகனுடையது. தோளில் பட்டி பிரித்தெடுத்த தையல் தடம் அப்படியே இருந்தது. இடுப்பில் சாரணர் இடைவார். அதை எந்தப் பேரனிடம் வாங்கினாரோ தெரியாது. கீழே கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத வெள்ளைச் சாரன். சட்டையின் வலப் பக்கத்தில் இரண்டு பதக்கங்கள், நாடாக்கள் வெளுத்துப் போயிருந்தன.

இராணுவத்தில் கோப்ரலாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "ஸேர், மெடல் குத்துறது இடப் பக்கம். பட்டாளத்துல ஒரு நாள் நிண்டவனுக்கும் அது தெரியும்" என்று காதில் சொன்னார். எனக்கும் தெரியும். சாரணர் சின்னங்கள் எங்கே குத்த வேண்டும் என்று அதற்கு முந்தைய வாரம்தான் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருந்தேன். கோப்ரல் எழுந்து போய், மரியாதையோடுதான், ஒரு பதக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "விளிம்புல பேருமில்ல, நம்பருமில்ல" என்றார்.

அப்பாவைப் பேச அழைத்தபோது ஒலிவாங்கி என் கையில் இருந்தது. கொடுத்துவிட்டு இறங்கியிருக்கலாம். நான் கேள்வி கேட்டேன்.

"அப்பா, எந்தப் படையில இருந்தீங்க?"

"ராஜாளியாக் கப்பல்ல வேல செஞ்ச மகன்."

"கப்பல் எங்க நிண்டது?"

"பாலாவியில."

பிள்ளைகள் மத்தியில் சலசலப்பு. பாலாவியில் கப்பல் எங்கே வரும்? புத்தளம் களப்பில் தோணி போகலாம். பாலாவியில் இருப்பது தரை.

"கப்பல்ல என்ன வேல செஞ்சீங்க?"

"மழைக்கு ஏரோப்பிளேன் சேத்துல எறங்கீரும். யானயக் கட்டி இழுத்து எடுப்போம்."

மண்டபமே சிரித்தது. கப்பலில் ஏரோப்பிளேன், அதை இழுக்க யானை. நானும் சிரித்தேன். "நல்லது அப்பா, போய் இருங்க" என்று ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு படியிறங்கி, தேநீருக்கு நிற்காமல் கேற்றைத் தாண்டிப் போனார். அடுத்த வாரம் பிள்ளைகள் அவருக்கு 'யானப் பட்டாளம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதட்டி நிறுத்தும் யோக்கியதை எனக்கு இருக்கவில்லை.

2008இல் அவர் மௌத்தானார். ஜனாஸாவுக்குப் போனேன். ஸலாம் சொல்வதைத் தவிர அந்த நான்கு வருடங்களில் அவரோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

2017இல், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 'எமது பிரதேசம்' என்று ஒரு செயற்றிட்டம் செய்தபோது, பழைய படங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலக யுத்த காலப் படம் ஒன்று அகப்பட்டது. புத்தளத்தில், தென்னைகளுக்கு முன்னால், ஒரு யானை பிரித்தானியக் கடற்படையின் சண்டை விமானத்தைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிறது. பக்கத்தில் பாகன்.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

தேடத் தேட மற்றதும் விளங்கியது. பிரித்தானியக் கடற்படை தன் தரைத் தளங்களுக்கும் கப்பல் என்றே பெயர் வைக்கும். தளத்துக்குள் நுழைந்தால் கப்பலில் ஏறியதாகக் கணக்கு. யுத்த காலத்தில் பாலாவி விமானத் தளம் கடற்படையின் விமானப் பிரிவிடம் இருந்தபோது அதன் பெயர் எச்.எம்.எஸ். ராஜாளியா. நம்முடைய ராஜாளிப் பறவைதான். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பையும் திருகோணமலையையும் குண்டு வீசித் தாக்கிய பின் இலங்கையில் விமானத் தளங்கள் பெருகின. ஓடுபாதையை விட்டு விலகிய விமானம் மழைக்குச் சேற்றில் புதைந்தால், யானைதான் அங்கே இழுவை இயந்திரம். கிழவர் மேடையில் சொன்ன இரண்டு வசனங்களும் எழுத்துக்கு எழுத்து சரி. அந்த இரண்டுக்கும்தான் நாங்கள் சிரித்தோம்.

பதக்கங்களா? அவை அவருடையவை அல்ல. அந்த அளவில் கோப்ரலின் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரையும் இன்னொரு பொய்யாகிவிடும்.

அவருடைய மகள் வீட்டுக்குப் போனேன். கதவருகே நின்று "இப்ப ஏன் ஸேர் கேக்குறீங்க?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரத்தின் பின் அவரே ஒரு சிறிய மட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தார். பதக்கங்கள் அப்பாவின் மூத்த நாநாவுடையவையாம். அவர் இலங்கைப் பாதுகாப்புப் படையில் இருந்தவர். 1949இல் இராணுவம் உருவாகுமுன் இங்கே இருந்த படை அதுதான். கலியாணம் முடிக்காமலே காலமாகிவிட்டார். பதக்கங்கள் தபாலில் வந்த பெட்டியைத் தம்பி பத்திரப்படுத்தியிருக்கிறார். விளிம்பில் பெயர் இல்லாததற்கும் காரணம் இருந்தது. முதலாம் உலக யுத்தப் பதக்கங்களில் சிப்பாயின் பெயரும் இலக்கமும் பொறித்துக் கொடுத்த பிரித்தானிய அரசு, இரண்டாம் யுத்தப் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமலே அனுப்பியது.

இன்னொன்றும் உண்டு. இறந்துபோன உறவினரின் பதக்கங்களை அணிகிறவர் வலப் பக்கத்தில் அணிவது பிரித்தானிய வழக்கம். சொந்தப் பதக்கம் இடப் பக்கம். நவம்பர் மாத நினைவு தின நிகழ்ச்சிகளில் பேரப் பிள்ளைகள் வலப் பக்கம் குத்திக்கொண்டு நடப்பதைத் தொலைக்காட்சியில் காணலாம். அப்படியானால் கிழவர் சரியாகத்தான் குத்தியிருந்தார், நாங்கள்தான் அறியாதவர்கள் என்று முடித்துவிட எனக்கும் ஆசை. மகளிடம் கேட்டேன்.

"அதெல்லாம் தெரியா ஸேர். வாப்பா எடது கைக்காரர். எடது கையால குத்தினா வலப் பக்கம்தானே லேசு."

அந்த வழக்கம் அவருக்குத் தெரிந்திருந்ததா, கைவாக்கில் குத்தினாரா என்று சொல்ல இப்போது ஆளில்லை.

அதன் பிறகு இப்படியான சம்பவங்களைத் தேடி வாசிக்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது. 1906 ஒக்டோபரில், பெர்லினுக்குப் பக்கத்தில் கோபெனிக் என்னும் ஊரில், சிறையிலிருந்து வெளிவந்த சப்பாத்துத் தொழிலாளி வில்ஹெல்ம் ஃபொய்க்ட் பழைய கடைகளில் வாங்கிய கப்டன் உடுப்பைப் போட்டுக்கொண்டார். வீதியில் போன சிப்பாய்களைக் கூட்டிச் சென்று நகரத் தலைவரைக் கைதுசெய்து, காசையும் எடுத்துக்கொண்டு போனார். உடுப்பு ஒன்றே போதுமாக இருந்தது. அதற்கு எதிர்ப்புறத்தில், அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஜெரமி போர்டா. சாதாரண மாலுமியாகச் சேர்ந்து அந்தப் பதவிவரை உயர்ந்த முதலாமவர். வியட்நாம் யுத்த காலத்தில் கப்பலில் கடமையாற்றியதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அக்காலச் சேவைக்குரிய இரண்டு நாடாக்களில் 'வி' என்ற சின்னஞ்சிறு வெண்கல எழுத்தைக் குத்தியிருந்தார். அது நேரடிச் சமருக்குரியது. கேள்வி எழுந்ததும் கழற்றியும்விட்டார். 1996 மே 16, சஞ்சிகைக்காரர்கள் அதைப் பற்றிக் கேட்க வரவிருந்த நாளில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதை அணிய அவருக்கு உரிமை இருந்ததா இல்லையா என்ற வாதம் அதற்குப் பிறகும் நடந்தது.

போலிகளைக் கண்டுகொள்ளக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மற்றவன் சிந்திய இரத்தத்தைத் தன் சட்டையில் குத்திக்கொண்டு சுற்றுபவன் இறந்தவனுக்கும் துரோகம் செய்கிறான். அமெரிக்காவில் இதற்கென்றே 2006இல் ஒரு சட்டம் கையொப்பமானது. பதக்கம் பெற்றதாகப் பொய் சொன்னாலே குற்றம் என்றது அது. 2012இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதாக்கியது. 2013இல் வந்த புதிய சட்டம், அந்தப் பொய்யைச் சொல்லிக் காசோ வேறு நன்மையோ பெற முயன்றால்தான் குற்றம் என்கிறது. அந்த அளவுகோலில் பட்டாளத்து அப்பாவுக்கு என்ன கிடைத்திருக்கும்? ஒரு பிளேன்ரீயும் ஒரு ரோல்ஸும். அதையும் தொடாமல்தான் போனார்.

என்னை உறுத்துவது வேறு விஷயம். உடுப்பில் பிழை கண்டதும் ஆளை அறிந்துவிட்டதாக நினைத்தேன். எந்தப் பக்கம் குத்த வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. 'கப்பல் என்றால் என்ன அப்பா, யானை என்ன செய்தது?' என்று கேட்கத் தெரியவில்லை. அந்த மண்டபத்தில் என் முன்னால் இருந்த பிள்ளைகளில் பலருடைய குடும்பங்கள் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்தவை. உறுதியும் இல்லை, அத்தாட்சிப் பத்திரமும் இல்லை என்று எத்தனை கந்தோர்களில் அவர்களின் வாப்பாமார் நிறுத்தப்பட்டார்கள் என்பதை நான் நன்றாகவே அறிவேன். அறிந்துகொண்டுதான் கிழவரிடம் படையைக் கேட்டேன்.

கடைசியாக அந்தப் படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு மகளிடம் போனேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"இதுதான் அந்த யானயா ஸேர்?"

"தெரியா தங்கச்சி. இதாகவும் இருக்கலாம்."

"வாப்பா யானைக்கு ஒரு பேர் சொல்லுவார். நாங்க சின்னதுல அந்தப் பேரச் சொல்லித்தான் வெளையாடுவோம்."

சொல்லிவிட்டு யோசித்தார். உள்ளே சமைத்துக்கொண்டிருந்த தாத்தாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தைப் பார்த்தார். இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.