தொலைந்த பையும் ஒரு குழல் சங்கமும்

ரெக்கார்டர் என்றதும் டேப் ரெக்கார்டர்தான் ஞாபகம் வருகிறதா? தப்பில்லை. ஆனால் இது ஊதுகிற ரெக்கார்டர். நேராகப் பிடித்து ஊதும் குழல். முன்பக்கம் ஏழு துளைகள், பின்பக்கம் கட்டைவிரலுக்கு ஒன்று.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதன் மென்மையான குரல் எடுபடாமல் போய், ஏறக்குறைய எல்லோரும் மறந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் ஆர்னால்ட் டோல்மெட்ச் என்ற இசைக் கலைஞரிடம் பழைய ரெக்கார்டர் ஒன்று இருந்தது. 1919இல் லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில், அது இருந்த பையை அவருடைய ஏழு வயது மகன் கார்ல் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டான். போச்சு! வேறு வழியில்லாமல் அப்பா தானே ஒன்றைச் செய்ய உட்கார்ந்தார். செய்தும் முடித்தார்.

பையைத் தொலைத்த அதே கார்ல்தான் 1937இல் எட்கர் ஹன்ட் போன்றவர்களோடு சேர்ந்து ரெக்கார்டர் வாசிப்போர் சங்கத்தைத் தொடங்கினார். இன்றும் பிரிட்டனில் பல ஊர்களில் அதன் கிளைகள் கூடுகின்றன. டெஸ்கன்ட், ட்ரெபிள், டெனர், பாஸ் என்று சின்னதும் பெரிதுமாய்க் குழல்கள். முன்னால் நின்று நடத்த ஒருவர். ஒரே பகுதியைப் பலர் சேர்ந்து வாசிப்பதால், ஒருவர் தடுமாறினாலும் பாட்டு நிற்காது. அவர் அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

பெரும்பாலும் இது கேட்க ஆளில்லாத கச்சேரி. டிக்கெட் கிடையாது, கைதட்டல் கிடையாது. வரவு செலவுக் கணக்கில் வரவுப் பக்கம் காலி. ஆனாலும் வருகிறார்கள். மேதைகளுக்குத்தான் மேடை என்று ஆகிவிட்ட உலகத்தில், சுமாராக வாசிப்பவருக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்களே, அதுதான் வரவு!

உங்கள் வீட்டுப் பரணில் என்ன தூங்குகிறது?