சாணைச் சக்கரமும் பதினைந்து டிகிரியும்

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்திக்கு ஓய்வே கிடையாது. வஞ்சிரத்தைத் துண்டு போடுவதும் சங்கராவுக்குச் செதில் எடுப்பதும் பெரும்பாலும் ஒரே கத்திதான். நடுமுள்ளில் மோதி, அடியில் கிடக்கும் மரக்கட்டையில் இறங்கி இறங்கி, வியாபாரம் சூடு பிடிப்பதற்குள் கூர் மழுங்கிவிடும். உடனே மீன் வெட்டும் அம்மாக்கள் சாணைக்காரரைத் தேட ஆரம்பிப்பார்கள்.

நானும் அவரைத்தான் பார்க்கப் போயிருந்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். பழைய சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்திலிருந்து பெல்ட் இழுத்து, முன்னால் பொருத்திய சாணைக்கல்லில் மாட்டியிருந்தார். சீட்டில் உட்கார்ந்து மிதித்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், கல் மட்டும் சுற்றும்.

பொறியைப் பார்த்தே இரும்பு இன்னதென்று சொல்லிவிடுகிறார். ஒரு கத்தியை லேசாகக் கல்லில் தொட வைத்தார். பொறி கிளை கிளையாகப் பிரிந்து வெடித்தது. "இது பட்டறைச் சரக்கு சார். லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சது" என்றார். அடுத்து வந்தது ஒரு வீட்டுக் கத்தி. பொறி குறைவு, அதிலும் வெடிப்பு அதிகமில்லை. "எவர்சில்வர். கல்லு மேல ரொம்ப நேரம் வைக்கக் கூடாது. சூடேறினா பதம் போயிடும்."

அந்தப் 'பதம்' போவதை நேரிலேயே பார்க்கலாம். வேகமாகச் சுற்றும் உலர்ந்த கல்லில் அழுத்திப் பிடித்தால், ஓரத்தில் இருக்கும் மெல்லிய இரும்பு நொடியில் கொதிக்கும். ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டதும் இரும்பு நீலம் பாரிக்கும். நீலம் ஏறிய இடம் கடினம் இழந்த இடம். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது, மடிந்துவிடும். அதனால்தான் பக்கத்தில் ஒரு டப்பாத் தண்ணீர். ஒரு இழுப்பு, ஒரு முக்கு. இடையிடையே கட்டைவிரலால் சூடு பார்த்துக்கொள்கிறார்.

கோணம் எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிக் காட்டினார். "இது இங்கயே இருக்கணும். கை வெளிய போச்சுன்னா முனை கோணிக்கும்." கத்தியைக் கையால் அவர் இழுக்கவில்லை, இடுப்பிலிருந்து உடம்பே சாய்ந்தது. அடியிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பு. பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து டிகிரி இருக்கும் என்பது என் கணிப்பு. அவர் ஒருநாளும் அளந்ததில்லை.

இந்தக் கல்லுக்குத் தனி வரலாறு உண்டு. ஒரு காலத்தில் குருந்தக்கல்லைப் பொடித்து, அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி வட்டாரத்தில் குருந்தம் கிடைக்கிறது. 1890களில் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் மின் உலையில் சிலிக்கன் கார்பைடை உருவாக்கிய பிறகு, மண்ணிலிருந்து தோண்டிய பொடியின் இடத்தை உலையில் செய்த பொடி பிடித்துக்கொண்டது. முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954இல் உருவாகி, வடசென்னைத் திருவொற்றியூரில் சாணைக்கற்களைச் செய்யத் தொடங்கியது.

இதே சென்னையில் சாணைச் சக்கரத்தின் பக்கமே போகாத கத்திகளும் இருக்கின்றன. நுங்கம்பாக்கத்து ஓட்டல் ஒன்றின் சமையல்கட்டில் வேலை பார்க்கும் இளைஞர் ஜப்பானியக் கத்தி ஒன்று வைத்திருக்கிறார். நம் வீட்டுக் கத்தியைவிட அது கடினமான எஃகு. கடினமென்பதால் மெல்லிய கோணத்தையும் தாங்கும், பக்கத்துக்குப் பதினைந்து டிகிரி. ஆனால் முள்ளில் மோதினால் மடியாது, சில்லு தெறிக்கும். அதைத் தீட்ட, கோணத்தைப் பிடித்துத் தரும் கருவி ஒன்றை வாங்கியிருக்கிறார். கத்தியைக் கவ்வ ஒரு பிடி, ஒரு தண்டு, அந்தத் தண்டில் ஓடும் சின்னக் கல். தண்டின் மறுமுனை ஒரு மூட்டில் நிற்கும். மூட்டை ஏற்றினால் கோணம் கூடும், இறக்கினால் குறையும். விலை குறைந்த லான்ஸ்கி வகைகளில் 17, 20, 25, 30 என்று நான்கு துளைகள்தான் உண்டு. இவருடையதில் எந்த அளவுக்கும் வைக்கலாம்.

மூட்டு ஓரிடத்தில் நிற்க, கல் கத்தியின் அடிக்கும் நுனிக்கும் போய் வருகிறதே, தள்ளிப் போகப் போகக் கோணம் மாறாதா? எனக்கு இந்தச் சந்தேகம் இருந்தது. பள்ளிக்கூட வடிவியலிலேயே பதில் இருக்கிறது. ஒரு நேர்கோடும் அதற்கு வெளியே ஒரு புள்ளியும் சேர்ந்தால் ஒரே ஒரு தளம்தான். கூர் நேராக ஓடும் வரை கல் அந்தத் தளத்திலேயே கிடக்கும், கோணம் மாறாது. நுனியை நெருங்கி விளிம்பு வளையும் இடத்தில்தான் மாறும். அதனால் கத்தியை எந்த இடத்தில் கவ்வ வேண்டும் என்பதற்கே அவர் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். விளிம்பு நெடுகக் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டு, கல்லை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். மை மேல்பக்கம் மட்டும் அழிந்தால் கோணம் போதாது, விளிம்பில் மட்டும் அழிந்தால் கோணம் அதிகம். நுனியில் மை மிஞ்சியிருந்தது. கத்தியைக் கொஞ்சம் நகர்த்திக் கவ்வினார். இப்போது முழுதும் அழிந்தது.

பிறகு 400 கிரிட் கல். கிரிட் எண் ஏற ஏறக் கல் நைசாகும். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே இருந்து, மறுபக்கம் விரலை வைத்து முதுகிலிருந்து விளிம்புக்கு வெளியே தடவினால் சன்னமாக ஏதோ நெருடும். அதுதான் பிசிர். இரண்டு சரிவுகளும் விளிம்பில் சந்தித்துவிட்டன என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. அடியிலிருந்து நுனி வரை பிசிர் எழாமல் 1000 கிரிட்டுக்குத் தாவினால், மழுங்கலுக்கு மெருகு போட்ட கதைதான். 1000, 3000 என்று ஏறி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பச்சைப் பசை தடவிய தோல்வாரில் பின்பக்கமாக இழுத்தார். பிசிர் போனது. தக்காளியின் மேல் கத்தியை வைத்தார். அழுத்தாமலே தோலுக்குள் இறங்கியது.

இரண்டு இடங்களையும் பார்த்தபின் எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்று. அந்தக் கருவி தருவதைச் சாணைக்காரரின் முழங்கை முன்பே வைத்திருக்கிறது. அவரிடம் இல்லாதது நேரம். கத்திக்கு முப்பது ரூபாய் என்கிறார், இருபதுக்குப் பேரம் பேசுகிறோம். இருபது ரூபாய்க்கு யாரால் பிசிரைக் கல்லில் கழித்துத் தர முடியும்? சக்கரத்திலிருந்து எடுத்த கத்தி முதல் நாள் பளிச்சென்று வெட்டி, மறுநாளே மொண்ணையாவதற்குப் பிசிரும் ஒரு காரணம். நிமிர்ந்து நிற்கும் வரை அது வெட்டும், மடிந்ததும் ஏமாற்றும். நாம் பழியைத் தூக்கி அவர் தலையில் போடுகிறோம்.

அவர் பையில் தேய்ந்து நடுவில் குழிந்த ஒரு தீட்டுக்கல் இருந்தது. தையற்கடைக் கத்திரிக்கு மட்டும் அதை வெளியே எடுப்பாராம். தையற்காரர்கள் கேட்ட காசைக் கொடுத்துவிடுவார்கள். என் வீட்டுக் கத்தியை நீட்டி, "இதையும் கல்லுல தீட்டித் தர எவ்வளவுண்ணே?" என்றேன்.

விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நூறு ரூபா ஆகும். அவசரப்படுத்தக் கூடாது. சாயங்காலம் வாங்கிக்கங்க."

"நூறா!" என்றார் பக்கத்தில் நின்ற மீன்கார அம்மா.

"உனக்கு எதுக்கும்மா அது? முள்ளு வெட்டறதுக்குச் சொரசொரன்னு தடியா இருந்தாத்தான் தாங்கும். கத்தியக் குடு, சக்கரத்துலயே பிடிச்சுத் தரேன்."