கார் குடிக்கும் கரண்டுக்குக் கணக்கு

மின்சாரக் கார் வாங்கினால் மாதக் கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? கடற்கரைச் சாலையில் மாலை நடக்கும்போது நண்பர்கள் இப்போது அதிகம் கேட்பது இதைத்தான். எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு விடை தேடவேண்டி வந்தது. மாடியில் மகளும் மாப்பிள்ளையும் குடியிருக்கிறார்கள். கார் அவர்களுடையது, மீட்டர் என் பெயரில். பில் கட்டுவது என் பென்ஷனிலிருந்து.

மாதம் சுமார் 800 கிலோமீட்டர் ஓடுகிறது. நூறு கிலோமீட்டருக்கு 14 யூனிட் என்று காரின் திரை காட்டும். அது பேட்டரியிலிருந்து செலவானது மட்டுமே. சார்ஜ் ஏறும்போது ஒரு பகுதி சூடாகப் போய்விடும். வீட்டு மீட்டரை இரவும் காலையும் குறித்து வைத்துப் பார்த்ததில் நூறு கிலோமீட்டருக்கு 16 யூனிட் வந்தது. ஆக மாதம் 128 யூனிட்.

கார் வருவதற்கு முன் வீட்டுக்கு 220 யூனிட் ஆகும். புதுச்சேரியில் 2024-ல் உயர்த்திய கட்டணப்படி முதல் 100 யூனிட்டுக்கு 2.70 ரூபாய், அடுத்த 100-க்கு 4 ரூபாய், அடுத்த 100-க்கு 6 ரூபாய், 300-க்கு மேல் 7.50. நிலைக் கட்டணம், மேல்வரி, மானியம் ஆகியவற்றை விட்டுவிட்டால், 220 யூனிட்டுக்கு 790 ரூபாய். காரோடு சேர்த்து 348 யூனிட்டுக்கு 1,630 ரூபாய். வித்தியாசம் 840.

மாப்பிள்ளை வேறு மாதிரி கணக்குப் போட்டார். 1,630-ஐ 348-ஆல் வகுத்தால் யூனிட்டுக்குச் சராசரி 4.68. அதை 128-ஆல் பெருக்கி, "மாமா, மாதம் 600 தந்துவிடுகிறேன்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் முதல் 200 யூனிட்டின் மலிவு விலையை விளக்கும் மின்விசிறியும் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன. காருக்குக் கிடைப்பது 6 ரூபாய், 7.50 ரூபாய் யூனிட்டுகள்தாம்.

"மாப்பிள்ளையிடம் 240 ரூபாய்க்குக் கணக்கா?" என்று என் மனைவி முகம் சுளித்தாள். மாதம் 240 என்றால் வருடத்துக்கு 2,880. சொல்லாமல் விட்டால் அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கும். தாளில் எழுதிக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். 840 கொடுத்தாலும் அவருக்குக் கிலோமீட்டருக்கு 1.05 ரூபாய்தான். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார் என்றால், லிட்டர் 96 ரூபாய் என்று வைத்தாலும், மாதம் ஐயாயிரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

பக்கத்தில் கடலூர், விழுப்புரத்தில் இருப்பவர்கள் இரண்டு மாத யூனிட்டை வைத்துக் கணக்குப் போடவேண்டும். அங்கே 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் மாறிவிடும். எந்த ஊரானாலும் வழி ஒன்றுதான்: கார் இல்லாமல் ஒரு பில், காரோடு ஒரு பில் போட்டுப் பார்த்துக் கழியுங்கள். கார் சார்ஜ் செய்யும் பிளக்குக்குத் தனியாக ஒரு சப் மீட்டர் வைத்துவிட்டால், மாதாமாதம் யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை.