கொழுப்பைப் பிடித்த வைரஸ்

திருமாகறல் சம்பந்தர் பாடிய தலம். நோய் தீர வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. வேண்டுதல் முடிந்ததும் காஞ்சியில் பஸ் மாறி, காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கும் போய்விட வேண்டும். பெண்கள் கட்டாயம். கருப்பைவாய்ப் புற்றுநோய் அநேகமாக முழுவதும் ஹெச்பிவி வைரஸின் வேலை.

*

அந்த வைரஸிடம் இருப்பது சுமார் எட்டாயிரம் எழுத்து டிஎன்ஏ. அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் கட்ட முடியாது. செல்லில் இருப்பதைத்தான் வளைக்க வேண்டும். வைரஸின் இ6 புரதம் செல்லின் காவல் புரதமான பி53-ஐ அழிக்கும், இ7 இன்னொரு காவல் புரதமான ஆர்பி-யை முடக்கும். இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. கொழுப்புக் கதைதான் அதிகம் பேசப்படுவதில்லை.

*

செல் சவ்வின் உட்புறத்தில் பாஸ்ஃபாடிடைல்இனோசிடால் என்றொரு கொழுப்பு. அதன் வளையத்தில் மூன்றாம் இடத்தில் பாஸ்பேட் ஏறினால், ஏகேடி புரதம் வந்து ஒட்டும்; ‘வளர், சாகாதே’ என்று உத்தரவு போகும். ஏற்றுவது பிஐ3கே நொதி. இறக்குவது பிடென்.

பிஐ3கே அகப்பட்டதே ஓர் எலி வைரஸின் தயவில். பாலியோமாவின் மிடில்-டி புரதத்தோடு ஒரு கொழுப்பு நொதி ஒட்டி வருவதை காண்ட்லி, ராபர்ட்ஸ் குழுவினர் 1985-ல் எழுதினார்கள். நான்காம் இடத்தில் பாஸ்பேட் ஏற்றும் பழைய நொதிதான் என்ற எண்ணம் 1988-ல் உடைந்தது. மூன்றாம் இடம்! அப்படியொரு கொழுப்பு இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது.

மிடில்-டி தானே எந்த வினையும் செய்வதில்லை. காஞ்சிக் கோயில் வாசலில் பட்டுக்கடைக்கு ஆள் பிடிக்கும் தரகர் நெய்வதுமில்லை, விற்பதுமில்லை, அந்த ரகம். சவ்வில் உட்கார்ந்து, சார்க் நொதியையும் பிஐ3கே-யையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவ்வளவே.

*

ஹெச்பிவி-யின் இ6, இ7 இரண்டும் ஏகேடி-யை முடுக்கிவிடுவதாக ஆய்வுகள் உண்டு. கருப்பைவாய்க் கட்டிகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றில் பிஐ3கே ஜீனே மாறியிருக்கிறது என்றது 2017-ன் பெரிய மரபணு ஆய்வு.

அப்படியானால் அந்த நொதியை அடைத்துவிடலாமே? அடைக்கும் அல்பெலிசிப் மருந்து 2019-ல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. ஆனால் இன்சுலின் பேசுவதும் இதே கொழுப்பின் வழியாகத்தான். மருந்து உள்ளே போனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. வைரஸ் பிடித்த இடம் அப்படி.

*

அதனால் என் ஓட்டு முன்கூட்டிப் பிடிப்பதற்கே. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000 முதல் நர்சுகள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் நடந்தது. 2007-ல் லான்செட்டில் முடிவு வந்தது: அந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைவு. பிஐ3கே பெயரைக்கூட அங்கே யாரும் உச்சரித்திருக்க மாட்டார்கள்.