இழைத்தவர் பெயர்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 1909-ல் பிளேரியோ 25 குதிரைசக்தி எஞ்சினோடு ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்ததை மனப்பாடமாக ஒப்பிப்போம். அடுத்த ஆண்டு மார்ச்சிலேயே, சென்னை மவுண்ட்ரோடு ஓட்டல்காரர் டாஞ்சலிஸ், தாமே வடிவமைத்த சிறு விமானத்தைப் பல்லாவரத்தில் ஓட்டிப் பறந்தார். அதைப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. விமானத்தைக் கட்டிக்கொடுத்தது, குதிரைவண்டி கட்டுவதில் பேர்போன சிம்ப்சன் கம்பெனி.

சென்ற வாரம் தியாகதுருகத்தில் எங்கள் வீட்டுக் கதவைச் சரிசெய்ய வந்த ஆசாரியிடம் இதைச் சொன்னேன். இழைப்புளியை நிறுத்திவிட்டு, "அந்த மரத்தை இழைச்சவங்க பேரு என்னங்கய்யா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. 35 வருஷம் கோப்புகளில் குறிப்பு எழுதினேன். ஆணையில் இருந்தது அதிகாரியின் பெயர் மட்டுமே. இந்தக் கேள்வி முதலில் எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்?