மிதந்த பெருமாள்

அண்ணன் மகன் நேபாளத்துக்குப் போய், காளி கண்டகியில் ராஃப்டிங் செய்துவிட்டு வந்திருக்கிறான். ஐயப்பன்தாங்கல் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஃபோனில் காட்டினான். ஹெல்மெட், துடுப்பு, நுரை, ஓயாத கூச்சல். எனக்கு அதில் மனம் போகவில்லை. கண்டகி என்றாலே எனக்கு அப்பாவின் பூஜை மண்டபமான கோயிலாழ்வார்தான். அதற்குள் செப்புப் பெட்டியில் எழுந்தருளியிருக்கும் கறுத்த சாளக்கிராமம்தான்.

அந்த ஆறு இறங்கிவரும் முஸ்தாங், மழை எட்டிப்பார்க்காத வறண்ட பூமி. அன்னபூர்ணாவும் தவளகிரியும் 8,000 மீட்டருக்கு மேல் எழும்பி நின்று மேகத்தை மறித்துக்கொள்கின்றன. ஒரு காலத்தில் அது டெதிஸ் கடலின் அடிச்சேறு. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அதில் புதைந்த அம்மோனைட்டுகளை, மலையை அறுத்து அறுத்து ஆறு இன்றும் சாளக்கிராமமாக உருட்டிவிடுகிறது. உள்ளே இருக்கும் சக்கரம் வஜ்ரகீடம் என்ற புழு குடைந்தது என்பார் அப்பா. புழு இல்லை, கணவாய் மீனுக்குத் தூரத்து உறவு. அரியலூர்ப் பக்கமும் இந்தச் சுருள்கள் கிடைக்கின்றன. பாவம், அங்கே திருமஞ்சனம் கிடையாது. சுண்ணாம்புக்கல்லோடு சிமெண்ட் ஆலைக்குப் போனால் உண்டு.

2015 டிசம்பர், சென்னை வெள்ளம். தெருவில் இடுப்பளவு தண்ணீர். வாசலில் ரப்பர் படகு. “சீக்கிரம் வா பெருசு” என்று கத்துகிறான் படகுக்காரப் பையன். அப்பாவோ உள்ளே கட்டில்மேல் ஏறி நின்று, மிச்சமிருந்த கேன் தண்ணீரில் திருமஞ்சனம் செய்துகொண்டிருக்கிறார். “பெருமாளை எழுந்தருளப் பண்ணிண்டுதான் வருவேன்.” நாலு உலர்திராட்சை அமுது செய்வித்து, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

“இன்னா பெருசு, நகையா?”

“இல்லேப்பா, பெருமாள்.”

பையன் ஒரு நொடி யோசித்தான். “அப்ப நடுவுல குந்து.”

அம்மோனைட் தன் ஓட்டை அறை அறையாகக் கட்டி, உள்ளே வாயு நிரப்பி மிதந்த பிராணி என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். ரப்பர் படகும் காற்றடைத்த அறைகள்தானே! கல்லாகிக் கனத்துப்போன பிறகு, மிதக்கும் சுகம் அதற்கு எங்கள் தெருவில்தான் மறுபடி வாய்த்தது.

இதை அண்ணன் மகனிடம் சொன்னேன்.

“லைஃப் ஜாக்கெட் போட்டுண்டேளா, சித்தப்பா?” என்றான்.

படகில் ஒன்றுதான் இருந்தது. அப்பா அதைப் பெட்டிக்குச் சுற்றிவிட்டார்.